முழுசா சொல்லு

தமிழில் ‘போ’ என்றொரு சொல் இருக்கிறது. பாவம், அதைப் போல வேலை வாங்கப்படும் சொல் வேறொன்று கிடையாது. பஸ் போகும், கரண்ட் போகும், மானம் போகும், உயிரும் போகும். கையில் இருந்தது பறிபோனாலும் ‘போச்சு’தான், வந்த காய்ச்சல் விட்டாலும் ‘போச்சு’தான். எது போச்சு, யாருக்குப் போச்சு என்று சொல்லித் தொலைக்க வேண்டிய கட்டாயமே அதற்கு இல்லை. கேட்கிறவர் தன் மனசில் இருப்பதை அதில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஃபிட்டரும் அவன் மனைவியும் அப்படித்தான் ஊற்றிக்கொண்டார்கள்.

இருவருக்கும் ஒரே நூல் மில்லில் வேலை. அவன் மெஷின்களைக் கழற்றிப் பூட்டுகிற ஃபிட்டர், காலை ஷிப்ட். அவள் கோன் சுற்றுகிற பிரிவில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறவள், மதிய ஷிப்ட். ஒரே பெண் குழந்தை, நாலு வயது. அதற்கு அழகாக ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பிறப்புச் சான்றிதழோடு பீரோவில் பூட்டிவிட்டு, வாண்டு என்று கூப்பிட்டார்கள். பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் மதியச் சங்கு ஊதும்போது மனைவி வாண்டைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டுக்கு வருவாள். உள்ளேயிருந்து இவன் வருவான். அங்கே குழந்தை கைமாறும், வீட்டுச் சாவி கைமாறும், நாலு வார்த்தை கைமாறும். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

“சாப்ட்டாச்சு. பால் மூடி வெச்சிருக்கேன். மூக்கு ஒழுகுது.”

“சரி. கேஸ் தீர்ந்துடும் போல. உன் செருப்பு வார் அறுந்திருக்கு பாரு.”

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இது தினசரி வேடிக்கை. “புருஷன் பொண்டாட்டியா நீங்க? ரிலே ரேஸ்ல ஓடறீங்களேப்பா” என்பார். பின்னாலிருந்து கூட்டம் நெட்டித் தள்ளும். சங்கு ஓய்ந்தபிறகு உள்ளே போனால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆகவே அவர்கள் பேச்சில் எழுவாய் என்பதெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. ‘வந்துடுச்சு’ என்றால் குழாயில் தண்ணீர் வந்தது. ‘குடுத்துட்டேன்’ என்றால் வீட்டு வாடகை. இத்தனை வருஷத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் தப்பாகப் புரிந்துகொண்டதே இல்லை என்பதில் ஃபிட்டருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வத்தில் தீயை வைக்க.

அந்த வருஷம் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். எதற்கு என்று தோண்டியவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பூமிக்கடியில் எங்கோ சம்பந்தம் பேசிக்கொண்டன. தெரு முழுக்க வயிற்றால் போயிற்று. எதிர்வீட்டு பஸ் டிரைவர் சிக்னலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவர்கள் எல்லாரும் இரண்டு மூன்று நாளில் தேறி எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். வாண்டுக்கு மட்டும் ரத்தமாகப் போனது.

முக்கில் இருக்கிற கிளினிக்கில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைக் கொடுத்து, தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். வீட்டில் மூலைக்கு மூலை துணி காய்ந்தது. குழந்தை ஒட்டி உலர்ந்து, கண் இரண்டும் குழிக்குள் போய்க் கிடந்தது. ஒவ்வொரு மதியமும் கேட்டில் ஃபிட்டர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“போச்சா?”

“போச்சு. ரெண்டு தடவை.”

மறுநாள்: “போச்சு. ரத்தம் கொறைஞ்சிருக்கு.”

அதற்கு மறுநாள் காலையில் மனைவி வாண்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளினிக்குக்குப் போனாள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அங்கிருந்த நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டே, “நல்லதும்மா. ஒண்ணுக்கு ஒழுங்கா போறாளான்னு பாத்துக்குங்க” என்றாள். போகிறபோக்கில் சொன்ன வார்த்தை. ஆனால் மனைவிக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தால், முந்தின ராத்திரியிலிருந்து வாண்டு ஒண்ணுக்கே போகவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்தாள், குழாயைத் திறந்துவிட்டு ‘ஸ்ஸ்’ என்று சொல்லிப் பார்த்தாள், மடியில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடினாள். ஒரு சொட்டு இல்லை. சங்கு ஊத நேரமாகிவிட்டது. அவரிடம் சொல்லுவோம், அவர் என்ன செய்யணுமோ செய்வார் என்று தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கேட்டில் ஒரே கூட்டம். சங்கு காதைக் கிழிக்கிறது.

“போச்சா?” என்று கத்தினான் ஃபிட்டர்.

“காலையிலேர்ந்து போகல!” என்று அவளும் கத்தினாள்.

“அப்பாடா!” என்றான் அவன். “வயித்துல பால வார்த்தம்மா!”

வாண்டை வாங்கித் தலைக்குமேல் தூக்கினான். செக்யூரிட்டியிடம், “கேட்டீங்களா, போகலையாம்!” என்று பெருமையடித்துக்கொண்டான். செக்யூரிட்டியும், “அப்ப சரியாப் போச்சுன்னு சொல்லு!” என்று சிரித்தார்.

மனைவி ஒரு கணம் திகைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயத்தின் பொட்டு அடையாளம் இல்லை. சரி, இவருக்குத் தெரியாததா, இவ்வளவு பேதிக்குப் பிறகு உடம்பில் தண்ணீர் இல்லை, அதனால் ஒண்ணுக்கு வரவில்லை, வந்துவிடும், நான்தான் அந்த நர்ஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேயாய் அலைகிறேன் என்று நினைத்தாள். அவன் தைரியத்தை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவள் வார்த்தையை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான்.

வழியில் வாண்டுக்கு ஒரு சிவப்புப் பலூன் வாங்கினான். வீட்டில் படுக்கவைத்து, கட்டில் கம்பியில் பலூனைக் கட்டினான். வாண்டு பலூனைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நாள் கணக்காகத் தூங்காத குழந்தை தூங்கட்டும் என்று விட்டுவிட்டான். குனிந்து பார்த்தான். வற்றிக் கிடந்த கன்னம் உப்பியிருந்தது. இமைகூடக் கொஞ்சம் பூரித்தாற்போல இருந்தது. அட, முகம் தேறிவிட்டதே என்று அந்த மடையன், ஆமாம் மடையன்தான், குழந்தைக்குத் திருஷ்டி படக்கூடாது என்று கையால் நெட்டி முறித்தான்.

டீ இடைவேளையில் மனைவி மில் கேன்டீனிலிருந்து போன் செய்தாள்.

“ஏங்க, இன்னும் போகலையா?”

“போகவே இல்ல! நீ நிம்மதியா வேலையப் பாரு. ராணி மாதிரி தூங்குது.”

“ஒண்ணும் பயமில்லையே?”

“இனிமே என்ன பயம்?”

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவள், தூங்குகிற குழந்தையை எழுப்ப மனசில்லாமல் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் விடிந்த வெளிச்சத்தில் பார்த்தபோது வாண்டின் முகம் வாண்டின் முகமாக இல்லை. ஊதியிருந்தது. உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. மனைவி மில்லுக்கு ஆள் அனுப்பி அவனை வரவழைத்தாள். எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கணுக்காலில் விரலை வைத்து அமுக்கி எடுத்தாள். அமுக்கிய இடம் பள்ளமாகவே நின்றது.

“கடைசியா எப்ப யூரின் போச்சு?”

“எப்பவும் போல போயிருக்கும் டாக்டர். பேதிதான் நேத்தே நின்னுடுச்சே” என்றான் ஃபிட்டர்.

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க சொல்றீங்க? போகலன்னு நேத்தே உங்ககிட்ட சொன்னேனே?”

“வெளிக்குப் போகலன்னுதானே சொன்ன?”

“ஒண்ணுக்கு...” என்றாள் அவள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். நடந்தது என்ன என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பிறகு விளக்கினார்கள். வயிற்றைக் கெடுக்கிற கிருமிகளில் சிலது பொல்லாதது. பேதி நிற்கிற நேரத்தில் அதன் விஷம் ரத்தத்தில் ஏறி, ரத்த அணுக்களை உடைத்து, கிட்னியில் இருக்கிற பொடிப்பொடி வடிகட்டிகளை அடைத்துவிடும். எல்லாருக்கும் வராது. நூற்றில் சில குழந்தைகளுக்கு வரும். வந்தது வாண்டுக்கு.

“நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா?” என்று ஃபிட்டர் கேட்டான்.

“வந்திருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கலாம். வந்திருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது” என்றாள் டாக்டர். பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்தப் புண்ணியவதி. ஆமாம் என்றால் செத்துத் தொலையலாம், இல்லை என்றால் பிழைத்துப் போகலாம். இரண்டுமில்லாமல் ஒரு மனுஷனை எத்தனை வருஷம் நிற்கவைப்பது!

வாண்டு பிழைத்தது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் வாரக்கணக்கில் கிடந்து, ஒருநாள் டியூபில் மஞ்சளாக நாலு சொட்டு இறங்கியபோது, வார்டே கைதட்டியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினாள். அவள் சொன்னதை ஃபிட்டர் தன் பாஷையில் புரிந்துகொண்டான். மில்லில் பாதி மெஷின் எரிந்துபோய், மீதிப் பாதியை வைத்து முழு உற்பத்தியும் எடுக்கிற மாதிரி. ஓடும். நன்றாகவே ஓடும். ஆனால் ஓடுகிற பாதி ஓவர்லோடில் தேயும். எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கேட் விஷயத்தைப் பற்றி இருவரும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும், கழுவிவிட்ட மாதிரி இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்த அன்று வாண்டைப் படுக்கவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“இனிமே இந்த வீட்ல எதுவா இருந்தாலும் முழுசா சொல்லணும். நானும் சொல்றேன். நீங்களும் சொல்லுங்க.”

அது வீட்டுச் சட்டமாயிற்று. கேட்டில் கூட்டம் நெட்டித் தள்ளினாலும் ஃபிட்டர், “வாண்டு இன்னிக்கு ஒண்ணுக்கு நாலு தடவை போயிருக்கா?” என்று கேட்பான். மனைவி, “வாண்டு ஒண்ணுக்கு அஞ்சு தடவை போனா” என்பாள். மில்லே சிரித்தது. “ஃபிட்டரு இலக்கணப் புலவராயிட்டாருடோய்” என்று சக தொழிலாளிகள் கேலி செய்தார்கள். ‘போல்ட்டு போச்சு’ என்று எவனாவது சொன்னால், “எந்த மெஷின்ல எந்த போல்ட்டு எங்க போச்சு?” என்று கேட்டு அவர்கள் உயிரை வாங்கினான். செக்யூரிட்டி மட்டும் கேலி பேசவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

வாண்டு வளர்ந்தாள். வளர்ந்தாள் என்று சொல்லக்கூடாது, வயது ஏறியது. கூடப் படிக்கிற பெண்கள் எல்லாம் மளமளவென்று உயர, இவள் அதே வகுப்பின் முதல் பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் வாய்? வாய் மட்டும் காது வரைக்கும். வீட்டுச் சட்டத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. அதனாலேயே அதை வைத்து அப்பனை ஆட்டிவைப்பாள்.

“வந்தாச்சு” என்று ஃபிட்டர் கதவைத் திறந்தால், “முழுசா சொல்லுப்பா. யார் வந்தாச்சு? பால்காரரா, திருடனா, மழையா?” என்பாள்.

“உன்னைப் பெத்த பாவி, மில் ஃபிட்டர், ஷிப்ட் முடிஞ்சு பசியோட வந்தாச்சு.”

“ஆங், இப்ப உள்ள வரலாம்.”

ஒன்பது வயதில் தலைவலி வர ஆரம்பித்தது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரஷர் பார்த்த நர்ஸ், மெஷின் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை பார்த்தாளாம். அப்புறம் பழைய டாக்டரிடமே போனார்கள். அவளுக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. தேய்ந்துவிட்டது என்றாள். அடுத்த வருஷமே டயாலிசிஸ்.

வாரத்துக்கு மூன்று முறை ஊசி, மெஷின், வாந்தி. அதைக்கூட வாண்டு சகித்துக்கொண்டாள். சகிக்க முடியாதது தாகம். கிட்னி வேலை செய்யாத உடம்பில் குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். அதனால் ஒரு நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில்தான். அதை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். வெயில் காலத்தில் ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு, அது கரைகிற வரைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா அந்த நாளிலிருந்து மகள் கண் எதிரே தண்ணீர் குடித்ததே இல்லை. மில்லிலும் ஒரு மடக்குக்குமேல் குடிப்பதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித்தான் ஃபிட்டருக்கே தெரியும்.

“அப்பா, கிட்னி வெச்சதும் நான் மொதல்ல என்ன பண்ணப் போறேன் தெரியுமா?”

“சொல்லு.”

“ஒரு பெரிய பாட்டில் தண்ணிய மூச்சு விடாம கடகடன்னு குடிப்பேன். அப்புறம் கணக்கு பீரியட்ல எழுந்து, ‘மிஸ், ஒண்ணுக்கு’ன்னு கேப்பேன். எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் வெளிய போய்க் கதை பேசிட்டு வருவாங்க. நான் மட்டும் க்ளாஸ்லயே ஒக்காந்திருக்கேன். எனக்குத்தான் வரவே வராதே.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “என்னைப் பார்த்தா மிஸ்ஸுக்கு ரொம்ப நல்ல பொண்ணுன்னு நெனப்பு.”

ஃபிட்டர் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

தன் கிட்னியைக் கொடுக்க அவன் துடித்த துடிப்பு கொஞ்சநஞ்சமல்ல. கடனை அடைக்க ஒரு வழி கிடைத்ததென்று ஓடினான். சோதித்துப் பார்த்தால் அவனுக்குச் சர்க்கரை. அது அவனுக்கே தெரியாது. உன் கிட்னி ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டர் காலில் விழாத குறை. மனைவிக்குப் பொருந்தியது.

“நான் குடுக்கறேன்” என்றாள் அவள். “ஒரு தடவை வயித்துல வெச்சு ஒரு உசிரைக் குடுத்தேன். இன்னொரு தடவை வயித்துலேர்ந்து எடுத்துக் குடுக்கறேன். இதுல என்ன?”

ஆபரேஷன் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் நடந்தது. மனைவிக்கு மேல்மாடியில் பெண்கள் வார்டு. வாண்டுக்குக் கீழே கண்ணாடி போட்ட தனி அறை. நடுவில் மாடிப்படி. அந்தப் படியில் ஃபிட்டர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். மறுபடியும் ஒரு கேட், மறுபடியும் ரிலே ரேஸ்.

முதல் நாள் கண்ணாடிக்குள் டியூப் வழியாகப் பை நிறைந்தது. தெளிவான மஞ்சள். அதைவிட அழகான நிறத்தை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மாடிக்கு ஓடினான். வீட்டுச் சட்டம் மறக்கவில்லை.

“நம்ம வாண்டுக்கு உன் கிட்னி வேலை செய்யுது! வாண்டு ஒண்ணுக்குப் போறா! பை நெறைய போறா!”

தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு மனைவி சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது, சிரிக்காமலும் முடியவில்லை. “மெதுவா சொல்லுங்க, வார்டு முழுக்கக் கேக்குது” என்றாள். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் ஆன ஒரு டீச்சர் படுத்திருந்தாள். “கேக்கட்டும்மா. ஒண்ணுக்குப் போனதுக்கு இப்படிக் கொண்டாடற வீட்டை நான் பாத்ததே இல்ல” என்று அவளும் சிரித்தாள்.

வாண்டு அரை மயக்கத்தில் ஒருமுறை கண் விழித்தாள். முகமூடிக்குள் இருந்த அப்பனை அடையாளம் தெரிந்துகொண்டு, “பாட்டில் வாங்கி வெச்சியா?” என்றாள்.

“என்ன பாட்டில்னு முழுசா சொல்லு” என்றான் அவன்.

“தண்ணி பாட்டில். பெருசு” என்றாள். மறுபடி தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் பை மெதுவாக நிறைந்தது. பிறகு நிறையவில்லை. சொட்டு சொட்டாகி, அதுவும் சிவந்து, நின்றது. டியூப் மடங்கியிருக்கும் என்று ஃபிட்டர் நினைத்தான். நர்ஸும் அப்படித்தான் முதலில் நினைத்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். யாரும் எதுவும் சொல்லாமல் வேகவேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். வாண்டைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு மறுபடி தியேட்டருக்குள் போனார்கள்.

மேலே மனைவிக்கு அவ்வளவு மட்டும் தெரியும். யூரின் நின்றிருக்கிறது, உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள், அடைப்பை எடுத்தால் மறுபடி போகும் என்று நர்ஸ் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் படுக்கவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்து, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கினார். புதுக் கிட்னியிலிருந்து ரத்தம் வெளியேறுகிற குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார். சின்னக் குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். எங்கள் கையில் இருந்ததையெல்லாம் செய்தோம் என்றார்.

“எடுக்க வேண்டியதாப் போச்சு” என்றார்.

ஃபிட்டர் தலையாட்டினான். பொண்ணு? உயிருக்கு ஆபத்தில்லை. பழையபடி டயாலிசிஸ். வேறு கிட்னி கிடைத்தால் பார்க்கலாம், ஆனால் இனிமேல் கஷ்டம். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். டாக்டருக்கு நன்றிகூடச் சொன்னான். பிறகு மாடிப்படி ஏறினான்.

எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் கட்டினான். அடுத்த படியில் அது அவிழ்ந்தது. மனைவியின் இடுப்பை அறுத்து எடுத்ததை, மகளின் வயிற்றில் வைத்துத் தைத்ததை, இப்போது ஒரு தட்டில் வைத்து எங்கோ கொண்டுபோயிருப்பார்கள். இதற்கு எந்த எழுவாயைப் போடுவது, எந்தப் பயனிலையைப் போடுவது? வார்டு வாசலில் வந்து நின்றபோது அவன் வாயில் வாக்கியமே இல்லை.

“என்னங்க? போச்சா?” என்றாள் மனைவி. பதற்றத்தில் அவளும் சட்டத்தை மறந்துவிட்டாள்.

“போச்சு” என்றான் அவன்.

அவ்வளவுதான் வந்தது. அந்த ஒரே ஒரு பாழாய்ப்போன சொல்தான் வந்தது.

“போச்சா!” அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “அம்மாடி, போச்சா! டீச்சர், என் பொண்ணுக்குப் போச்சாம்!” டீச்சர் கட்டிலிலிருந்தே கும்பிட்டாள். தள்ளுவண்டியோடு வந்த ஆயா நின்று, “நல்ல சேதி சொன்னீங்க அய்யா” என்றாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேசையிலிருந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. அதை மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க, கடகடவென்று குடித்தாள். இரண்டு வருஷத்துத் தாகம். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் அங்கேயே, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. சாயங்காலம் வரைக்குமாவது, அவள் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற வரைக்குமாவது.

அவள் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அன்றைக்கு மில் கேட்டில் அவள் பார்த்தது பயமே இல்லாத முகம். இன்றைக்குப் பார்க்கிற முகம் அது இல்லை.

“ஏங்க” என்றாள். “எது போச்சு?”

டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

“முழுசா சொல்லுங்க.”

ஃபிட்டர் கட்டிலுக்கு அருகே வந்தான். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னான். “நீ குடுத்த கிட்னி போச்சும்மா. ரத்தம் கட்டி, எடுத்துட்டாங்க. வாண்டு உசிரோட இருக்கா. வாண்டுக்கு இனிமே ஒண்ணுக்குப் போகாது.”

டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆயா வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனாள். மனைவி காலி டம்ளரை மேசையில் வைத்தாள். தையல் போட்ட பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. இத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்களும் இப்படிக் கேட்டிருக்கலாம்ங்க. எதுன்னு ஒரு வார்த்தை. நானும் திரும்பக் கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் கேக்கலயே.”

“ஆமா” என்றான் அவன். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது. “அன்னிக்கு கேட்டுல, எது போகலன்னு உன்ன நான் கேட்டிருக்கணும்.”

அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் அழுதாள். அவன் தோளில் முகத்தை வைத்து, தையல் வலிக்க வலிக்க, சத்தம் போட்டு அழுதாள். அவனும் அழுதான். அழுது முடித்தபின் முந்தானையால் இருவர் முகத்தையும் அவளே துடைத்துவிட்டு, ஒரு கையை அவன் கழுத்தில் போட்டாள்.

“மெதுவா எறக்கி விடுங்க. வாண்டு கண்ணு முழிச்சு பாட்டிலைக் கேக்கறதுக்குள்ள நான் கீழ போகணும். அவகிட்ட நான் சொல்லிக்கறேன்.”